பருவம் பெயராகட்டும்!

(பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீனவச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த பெண்குழந்தைப் பெயர்சூட்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



தொட்டிலிற் கிடக்கும் இக்குழந்தை, ஐப்பசி என வழங்கும் துலைத் திங்களில், கொட்டும் மழைக்கிடையே பிறந்தவள். இவளுக்கு எப்பெயர் இடுவது என்பதில் வீட்டார் கருத்து மூன்றாகப் பிரிந்து நின்றது. குடிவழியிற் பெண்கள் தாங்கிவந்த மாரியம்மாள் என்னும் பெயரே வேண்டும் என்றார் பாட்டியார். குழந்தை பிறந்தது அத்த நாண்மீனில் என்று கணித்த கணியர், ‘ஷ’ என்னும் எழுத்திற் பெயர் தொடங்கவேண்டும் என்று சொல்லிச் சென்றார். ஊரில் எவருக்கும் இல்லாத புதுப்பெயர் வேண்டும் என்றார் தந்தையார். இம்மூன்றனுள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று தெளிவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலிற் கணியர் கூற்றை ஆய்க. நாண்மீன் ஒவ்வொன்றையும் நான்கு காலாகப் பகுத்துக் காலுக்கோர் எழுத்தை வகுத்தது, வடமொழி நெடுங்கணக்கை அடிப்படையாகக் கொண்டது. அத்தத்திற்கு வகுத்த எழுத்துகளுள் ‘ஷ’ ஒன்று, ‘ட’ ஒன்று. ‘ஷ’ தமிழெழுத்தே அன்று. ‘ட’ தமிழெழுத்தாயினும் தமிழ்ச்சொல்லின் முதலில் வாராது. ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய தொல்காப்பியம் மொழிமுதல் எழுத்துகளை வரையறுத்து வைத்திருக்கின்றது. அவ்வாறாயின், அவ்வெழுத்துகளிற் பெயரிடுக என்பதன் பொருள் யாது? ‘உனக்குத் தமிழ்ப்பெயர் கூடாது’ என்று தொட்டிலிலேயே தடைபோடுவதன்றி வேறென்ன?

தந்தையார் விருப்பமோ குற்றமுடையதன்று. தம் மகள் தனித்து விளங்கவேண்டும் என எண்ணுவது பெற்றோர் இயல்பு. ஆனால், இற்றை நாளிற் புதுப்பெயர் என்று வழங்குவன பல, திரைப்படத்திலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் பொறுக்கிய வெற்றொலிகள். பொருள் யாதெனக் கேட்டால் இட்டவரும் விழிப்பர், தாங்கியவளும் விழிப்பாள். பொருளற்ற ஒலி புதுமையாகாது. தமிழில் இல்லாத புதுமையா? நெடுங்காலமாக எடுப்பாரின்றிக் கிடக்கும் சொல்லை எடுத்துச் சூட்டுவதே உண்மைப் புதுமை.

அவ்வகைச் சொற்களுக்கு ஊற்றாய் இருப்பவை பருவங்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தவர் தமிழர். முல்லைக்குக் கார் உரியது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியன. மருதத்திற்கும் நெய்தற்குமோ ஆறு பொழுதும் உரியன என்பது இலக்கண மரபு. எனவே, நெய்தல் நிலத்துப் பெண்குழந்தைக்கு ஆறு பருவங்களும் உரிமைச் சொத்து. அச்சொத்தை விட்டுவிட்டு அயலான் பெட்டியில் ஒலி தேடுவானேன்?

இவ்வூர் மக்களுக்குப் பருவம் என்பது ஏட்டுச் செய்தியன்று; சோற்றுச் செய்தி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிற் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் இவ்வேரியின் உயிர் மழையில் இருக்கின்றது. துலை, நளித் திங்கள்களில் மழை பொழிந்தால் ஆரணியாறு பெருகி வரும், ஏரி நிறையும், முகத்துவாரம் என மக்கள் வழங்கும் கழிமுகத்து மணலை வெள்ளம் அறுத்துச் செல்லும், கடலும் ஏரியும் கைகோக்கும், இறாலும் மீனும் உட்புகும். மழை பொய்த்தாலோ கழிமுகம் தூர்ந்துபோகும். வேனிலில் நீர் வற்றி உப்பு மிகும். வலை வெறிதே மீளும். பனிக்காலத்துப் பூநாரைகளும் நீரின் அளவை நோக்கியே வந்திறங்கும்.

ஆதலால், காற்றையும் நீரையும் குறிக்கும் தமிழ்ச்சொற்கள் மீனவர் வாயில் இன்னும் உயிரோடிருக்கின்றன. கீழ்க்காற்றைக் கொண்டல் என்பர். மேல்காற்றைக் கச்சான் என்பர். வடகாற்றை வாடை என்பர். முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமையைப் பாடு என்பர். கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலமே கடன் வாங்கிற்று. உலகுக்குச் சொல் வழங்கிய கரையார், தம் மகளுக்குப் பெயர் இரவல் வாங்குவது தகுமா?

அயலார் நாவில் தமிழ்ப்பெயர் படும் பாட்டுக்கு வேறெங்கும் போகவேண்டா. ஒல்லாந்தர் 1613இல் இங்குக் கோட்டை எழுப்பினர். பழவேற்காடு என்னும் நல்ல பெயர் வெள்ளையர் வாயிற் சிதைந்து ‘புலிக்காட்’ ஆயிற்று. இன்றும் நிலப்படங்களில் அச்சிதைவே நிற்கின்றது. ஊர்ப்பெயரைச் சிதைத்தவர் அயலார். குழந்தையின் பெயரைச் சிதைப்பவரோ பெற்றவரே!

எனினும், பருவச்சொல் எல்லாம் பெயராகிவிடா. தேர்வுக்கு மூன்று அளவைகள் வேண்டும். ஒன்று, பொருள் தெளிவாய் இருத்தல். வாடை என்பது பழந்தமிழில் உயர்ந்த சொல். பத்துப்பாட்டில் ஒரு பாட்டுக்கே நெடுநல்வாடை என்று பெயர். ஆயின் இற்றை வழக்கில் அது தீநாற்றத்தைக் குறிப்பதாய் இழிந்துவிட்டது. இரண்டு, ஒலி எள்ளலுக்கு இடந்தாராமை. கூதிர் நல்ல சொல்லே. ஆயினும் பெயர் என்பது பள்ளி முற்றத்தில் நாள்தோறும் ஒலிப்பது. பிள்ளைகள் திரித்து நகையாடும் ஒலியைச் சூட்டுவது குழந்தைக்குச் செய்யும் தீங்கு. மூன்று, கூப்பிட எளிதாதல். கரையில் நின்று பாட்டி அழைத்தால் ஏரியிற் படகிலிருக்கும் பெண்ணுக்குக் கேட்கவேண்டும்.

இவ்வளவைகளுக்கு ஒத்த பெயர்கள் எத்தனையோ உள! காரிற் பிறந்தவளுக்குக் கார்முகில், முல்லை. பனியிற் பிறந்தவளுக்குப் பனிமலர், பனிநிலா. இளவேனிலில் பிறந்தவளுக்கு அப்பருவப் பெயரே பெயர், அன்றித் தென்றல். முதுவேனிலில் பிறந்தவளுக்கு, அவ்வெயிலில் நிழல் தரும் நெய்தல் நிலத்துப் புன்னை.

துலைத் திங்களில் மழையோடு வந்த இவளுக்கு? கழக இலக்கியப் புலவருள் அள்ளூர் நன்முல்லையார் ஒருவர். கார்ப்பருவத்து மலரைத் தம் பெயரிற் கொண்ட அவரைப் பெண்பாற் புலவர் என்பர். நல் என்பதும் முல்லை என்பதும் புணர்ந்து நன்முல்லை ஆயிற்று. அவ்விதிப்படியே நல்லும் மாரியும் புணர்ந்தால் நன்மாரி. மாரி என்பது மழையைக் குறிக்கும் தூய தமிழ்ச்சொல். பாட்டியார் ‘மாரி’ என்றே அழைக்கலாம்; அவர் குடிப்பெயர் அழியவில்லை. தந்தையார் விரும்பிய புதுமையும் கிடைத்தது. கணியரின் ‘ஷ’ ஒன்றே வெளியேறிற்று. நன்மாரி! ஏரியை நிறைத்துக் கழிமுகம் திறக்கும் நல்ல மழை.

பெயரில் என்ன இருக்கின்றது என்பாரும் உளர். வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என மாற்றித் தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கினார் அடிகளார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். வளர்ந்தபின் பெயரைக் களைந்து புதுப்பெயர் பூணும் உழைப்பு அவர்களுக்கு வேண்டியதாயிற்று. தொட்டிலிலேயே தமிழ்ப்பெயர் பெற்ற குழந்தைக்கு அவ்வுழைப்பு இல்லை.

இன்னொன்றும் கருதுக. அகரமுதலியிற் கிடக்கும் சொல் உறங்கும் சொல். ஒருதாய் உண்ண அழைக்கையில், ஆசிரியர் வருகை கேட்கையில், தோழி விளையாட அழைக்கையில் அச்சொல் விழித்தெழுகின்றது. ஒரு பெண்குழந்தைக்குப் பருவப்பெயர் சூட்டினால், அச்சொல்லுக்கு அவள் வாழ்நாள் முழுதும் உயிர் கிடைக்கின்றது. கழிமுகம் மணலால் தூர்வதுபோல், ஆளுவாரற்ற சொல்லும் தூர்ந்துபோகும். அறுத்துவிடும் வெள்ளம் மக்கள் வழக்கே.

இறுதியாக ஒரு கடமை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும்; குழந்தையின் பெயரை 12 திங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். எனவே, கணியர் விரட்டுகிறார் என்று விரைந்து ஏதோ ஓர் ஒலியை எழுதிவிடாதீர்கள். எண்ணித் தேர்ந்து, தமிழெழுத்திற் பிழையற எழுதிக் கொடுங்கள். எழுதுவோர் பெயரைத் திரித்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்த தொட்டில் எவ்வீட்டில் ஆடினும், கணியரிடம் எழுத்துக் கேளாதீர்கள். வெளியே வந்து வானத்தைப் பாருங்கள், காற்றைக் கேளுங்கள். அப்பொழுது வீசும் காற்றுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு.

நன்மாரி நீடு வாழ்க! தமிழ் வெல்க!