துப்பாக்கிக் குழலின் கருநீலப் படையைக் காத்தல்



காட்டுப்பன்றியிலிருந்து பயிரைக் காக்க அனுமதிப்பத்திரம் பெற்றுத் தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்போருக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

குழலின் கருநீலம் வெறும் வர்ணமன்று. உருக்கின் மேற்பரப்பிலேயே இரசாயன முறையால் உண்டாக்கப்பட்ட மெல்லிய இரும்பு ஒட்சைட்டுப் படை அது. துருவும் ஒருவகை இரும்பு ஒட்சைட்டே. ஆதலால், துருவைப் போக்கும் புளி, தேசிக்காய், சாம்பல், மணற்கடதாசி ஆகிய யாவும் இப்படையையும் போக்கிவிடும். படை போன இடத்தில் மாரியின் ஈரம் பட்டதும் துரு ஏறும்.

முதலில் தோட்டாவை அகற்றி, குழல் வெறுமையாய் உள்ளதெனக் கண்ணாற் கண்டு உறுதிசெய்யுங்கள். வெளிப்புறத்தை உலர்ந்த துணியாற் துடையுங்கள்; வியர்வையின் உப்பும் துருவுக்கு வித்தாகும். உட்புறத்தைப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள். பின்னர்த் துப்பாக்கி எண்ணெயைத் துணியிற் சில துளி விட்டு மெல்லிதாகப் பூசுங்கள். நல்லெண்ணெய் நாளடைவிற் பிசுபிசுத்து இறுகும், அதனைத் தவிருங்கள். சிறு துரு காணப்படின், எண்ணெய் பூசி ஓரிரவு விட்டு, மறுநாள் துணியால் மெல்லத் தேயுங்கள். துணியுறையில் இட்டு வையாதீர்கள். அதில் ஈரம் தங்கும்.

ஈற்றில், பின்புறத்தைத் திறந்து குழலினூடாக வெளிச்சம் தெரிகின்றதா எனப் பாருங்கள். உள்ளே மறந்துவிட்ட துணித்துண்டு, சுடும்போது குழலைப் பிளந்து உங்கள் கையையே போக்கிவிடக் கூடும்.