கோப்பிக் கடையின் இலக்கணம்



வேற்று நாட்டிற்குச் செல்வோர் முதலில் தடுமாறும் இடம் உணவுக்கடை. இத்தாலியில் 'லாத்தே' என்று மட்டும் கேட்பவருக்கு வெறும் பாலே வரும். அம்மொழியில் அச்சொல்லுக்குப் பொருள் பால். 'கஃபே' என்றால் சிறு கிண்ணத்தில் கடுங்காப்பி வரும். அடைமொழி இல்லாமல் கேட்கும்போது எது வருகிறதோ, அதுவே அவ்வூரின் இயல்பு வடிவம். மொழியியலார் இதனைக் 'குறியிலா வடிவம்' என்பர்.

நம் சாலாக் செலாத்தானுக்கு வரும் பயணியும் இதனை அறிய வேண்டும். இங்குக் 'கோப்பி' என்றால் இனிப்புக் கெட்டிப்பால் கலந்த காப்பி. பால் வேண்டாதவர் 'கோப்பி ஓ' என்பார். 'ஓ' என்பது ஹொக்கியன் சீனத்தில் கருமை. சீனியும் வேண்டாதவர் 'கோப்பி ஓ கோசோங்' என்பார்; 'கோசோங்' மலாயில் வெறுமை. ஆற்றிய தேநீர் 'தே தாரிக்'. 'தாரிக்' என்றால் இழுத்தல்.

இத்தொடர்களின் அமைப்பைக் கவனிப்போம். தமிழில் அடைமொழி முன்னே நிற்கும்: கடுங்காப்பி, வரக்கோப்பி. மலாயில் பெயர் முன்னும் அடை பின்னுமாக நிற்கும். கடையில் மலாய் வரிசையில் கேட்கும் நாம், வீடு திரும்பியதும் 'சீனி இல்லாத கோப்பி' என்று தமிழ் வரிசைக்கு மாறிவிடுகிறோம். இலக்கண வகுப்பில் பெயரடையை விளக்க இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

கடன் ஒருவழிப்பட்டதும் அன்று. கடை, கறி, ஆப்பம் ஆகிய நம் சொற்கள் மலாயில் 'கெடாய்', 'காரி', 'அப்பம்' என வழங்குகின்றன. சொல்லோடு வழக்கமும் கைமாறியது. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் மலாய்க்காரரும் சீனரும் உண்டு முடித்து, இலையைத் தம் பக்கமாக மடிக்கின்றனர். எதிர்ப்புறமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்பதையும் அவர்களுள் பலர் அறிவர். இதுவும் ஒலியில்லாத ஒரு மொழியே.

2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றைக் கொண்ட மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை மானுடத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. உணவுக்கு ஏடு கிடைத்துவிட்டது. அவ்வுணவைச் சுற்றி நம் தோட்டப்புற முன்னோர் வழங்கிய சொற்களுக்கு ஏடு எங்கே? 'வரக்கோப்பி' என்றால் என்னவென்று இன்றைய மாணவர் எத்தனை பேர் சொல்வர்? 'கோப்பி ஓ' வந்ததில் நமக்குக் குறையில்லை. பழஞ்சொல் பதிவின்றி மறைவதே இழப்பு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கட்டுரையில் 'கோப்பி' என்று எழுதினால், உடனே சிவப்பு மையால் அடிக்காதீர்கள். அச்சொல் வந்த வழியைக் கேளுங்கள். மாணவர்களே, இவ்வாரம் உங்கள் தாத்தா பாட்டியிடம் அமர்ந்து, அடுப்படிச் சொற்கள் பத்தினை அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதி வாருங்கள். சொன்னவர் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தார் என்பதையும் குறியுங்கள். நாளைய மலேசியத் தமிழ் அகராதிக்கு அதுவே முதற்பக்கம் ஆகலாம்.