சிவப்பு எழுத்தில் வருவதெல்லாம் திருட்டு இல்லை



ஓடிபி சொல்லாதீங்க, லிங்கை அமுக்காதீங்கன்னு எல்லாக் கூட்டத்திலும் சொல்றாங்க. ரொம்ப சரி. அதைக் கேட்டுக் கேட்டு இப்ப நம்மில் பாதிப்பேர் எந்த மெசேஜையும் படிக்கிறதே இல்லை. அதுலயும் நஷ்டம் இருக்குங்க.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை நினைச்சுப் பாருங்க. 2023 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கினாங்க. அதுக்கு முன்னாடியே கணக்கு சரியா இருக்கான்னு பார்க்க 1 ரூபாய் போட்டாங்க. திடீர்னு ஒத்த ரூபாய் வந்தா யாருக்குத்தான் பயம் வராது? அதே நேரத்துல ஓடிபி கேட்டுத் திருட்டுப் போனும் வந்துச்சு. எது நிஜம், எது பொய்னே தெரியலை.

விண்ணப்பம் போட்டவங்க 1 கோடியே 63 லட்சம் பேர். முதல்ல கிடைச்சது 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம் பேருக்கு. மிச்சப்பேருக்கு ஏன் தள்ளுபடின்னு 18-ஆம் தேதியில இருந்து குறுஞ்செய்தி அனுப்பினாங்க. 30 நாளுக்குள்ள இ-சேவை மையம் வழியா கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்னு அப்ப சொன்னாங்க. எங்க தெருவுல ஒரு அக்கா, திருட்டு மெசேஜ்னு நினைச்சு அதை அழிச்சுட்டாங்க. விஷயம் தெரிஞ்சப்ப நாள் முடிஞ்சு போச்சு. அப்ப மாசம் 1000 ரூபாய், கணக்குப் போட்டுக்குங்க.

குழுவுக்கும் இதே கதைதான். கூட்டமைப்புக்குன்னு ஜிமெயில் வெச்சிருக்கோம். கண்காட்சியில மிளகு, தேன், சாமை அரிசி விக்கக் கடை வேணுமான்னு கேட்டு வர்ற கடிதம், கடன் சம்பந்தமா கேட்கிற விவரம் எல்லாம் அதுக்குத்தான் வருது. ஒரே கடிதத்தை நூறு குழுவுக்குச் சேர்த்து அனுப்பினா, உள்ளே லிங்க் இருந்தா, நமக்குப் பழக்கமில்லாத முகவரியா இருந்தா, கம்ப்யூட்டரே சந்தேகப்பட்டு 'ஸ்பேம்' பெட்டியில தள்ளிடும். அது மிஷின்தானே, அதுக்கு நம்ம மாவட்ட அலுவலகம் தெரியுமா? அங்க போனது 30 நாள்ல தானாவே அழிஞ்சிடும். அதனால கணக்காளர் பொண்ணு வாரம் ஒருதரம் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கணும். நல்ல கடிதம்னு உறுதியானா 'ஸ்பேம் அல்ல' என்பதை அமுக்கி, அந்த முகவரியைத் தொடர்புகளில் சேர்த்துட்டா அடுத்ததும் நேரா வர வாய்ப்பு அதிகம்.

உறுதி பண்றது எப்படி? கடிதத்துல இருக்கிற நம்பருக்குப் பேசாதீங்க. பாஸ்புக்குல, ஏடிஎம் கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு நாமே போடணும். இல்லை கிளைக்கே போய்க் கேட்கணும். சேந்தமங்கலம் போற பஸ்ல ஏறினா ஒரு அரைநாள் வேலை, அவ்வளவுதான்.

போன்ல வர்ற மெசேஜுக்கு ஒரு அடையாளம் 2025-ல கொண்டு வந்திருக்காங்க. அனுப்புறவங்க பேருக்குப் பின்னாடி ஒரு கோடு போட்டு ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். ஜி-ன்னா அரசாங்கம், டி-ன்னா பணப் பரிமாற்றம், எஸ்-னா சேவை, பி-ன்னா விளம்பரம். சேவை, பணப் பரிமாற்றம் சம்பந்தமா வங்கிகள் பேசுற போன் 1600-ல ஆரம்பிக்கிற நம்பர்ல வரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. ஆனா எழுத்து சரியா இருக்குன்னு ஓடிபியைச் சொல்லிடாதீங்க. அதை நிஜமான வங்கிக்காரரும் கேட்கமாட்டார்.

சில செயலிகள் 'ஸ்பேம்'னு சிவப்பா காட்டுதே, அதுல ஒரு பங்கு நம்மளை மாதிரி ஆளுங்க கோபத்துல அமுக்கினதால வர்றது. தவணை கேட்டுப் போன் பண்ற அதிகாரி நம்பரையும் நாலு பேர் அமுக்கினா சிவப்பாயிடும். (சிரிக்காதீங்க, யார் யார் அமுக்கினீங்கன்னு எனக்குத் தெரியும்.)

நிஜமாவே பணம் போயிருந்தா உடனே 1930-க்குப் போடுங்க, நேரம் கடத்தாதீங்க.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு எல்லாரும் போனைச் சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க. அழிக்காம வெச்சிருக்கிற மெசேஜை ஒவ்வொண்ணா உட்கார்ந்து பார்த்துடுவோம். மலைமேல சிக்னல் கிடைக்காத குழுக்களுக்கு முதல் ஒரு மணி நேரம்.