வளைவுக்கு அப்பால்

கண்டி இராச்சியத்தின் அரண்கள் எவையெனக் கேட்டால், மலையும் காடும் ஆறும் என்று வரலாறு கற்றோர் விடை கூறுவர். அவற்றோடு நான்காவதாகப் பாதையையும் சேர்த்துக்கொள்ளலாம். 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், அந்நாட்டின் பாதைகள் எத்துணை ஒடுங்கியவை என்பதையும், அவற்றை மறித்து நின்ற முட்கதவுகளையும், அங்கு நின்ற காவலரையும் தமது நூலில் விவரித்துள்ளார். பாதைகள் அகலமாவதைக் கண்டி மன்னர்கள் விரும்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஒடுங்கிய மலைப்பாதையில் எத்துணைப் பெரிய படையும் ஒருவர் பின் ஒருவராகவே செல்லல் வேண்டும். வளைவுக்கு அப்பால் முன்னே சென்றவனுக்கு நேர்ந்தது என்னவென்று பின்னே வருபவனுக்குத் தெரியாது. ஐரோப்பியப் படைகள் பல இம்மலைகளில் அழிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1815ஆம் ஆண்டில் அவ்வரண் வீழ்ந்தது. அதன் பின்னர் ஆளுநர் எட்வேட் பான்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைப்பித்தார். கப்டன் டோசன் அப்பணியை முன்னின்று நடத்தினார். 1829இல் அவர் மறைந்தபின் எழுந்த நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. பெயர் பொறிக்கப்படாத பல்லாயிரவர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் அத்தெருவிற்கு மண் சுமந்தனர். கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் வேலூர்ச் சிறையில் உயிர்நீத்த 1832ஆம் ஆண்டிலேயே, கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஒருவரைத் தடுக்க வளைந்திருந்த பாதை, யாவரையும் வரவேற்கும் தெருவாயிற்று. ஆயினும் வளைவின் இயல்பு மாறவில்லை. அப்பால் உள்ளதை அது இன்றும் மறைத்தே வைத்திருக்கிறது.

இவ்வுண்மையை நன்கு உணர வேண்டியவர்கள், விடுமுறை நாட்களிற் கூட்டமாக மலைநாட்டுக்குப் புறப்படும் மோட்டார் சைக்கிள் கழகத்தினர். அவர்கள் பெரிதும் விரும்பும் தெருக்களுள் ஒன்று கண்டியிலிருந்து கிழக்கே மகியங்கனைக்குச் செல்வது. சுமார் 75 கிலோமீற்றர் தூரமுள்ள இத்தெருவில் ஒரே நாளிற் சென்று மீளலாம்.

காலையிற் கண்டியை விட்டுப் புறப்படும் குழு, திகனையைக் கடந்து தெல்தெனியாவை அடைகிறது. பழைய தெல்தெனியா நகர் இப்போது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் உள்ளது. 122 மீற்றர் உயரமுள்ள அவ்வணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. அங்கிருந்து தெரு மேலேறுகிறது. ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடர். அது 2010ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கும் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. வழியில் வரும் மெதமகாநுவரப் பகுதியிலேதான், 1815 பெப்ரவரி 18ஆந் திகதி, தலைநகரை விட்டகன்ற மன்னன் பிடிபட்டான். உடதும்பறைக்கு அப்பால், தெரு மலையின் விளிம்பிலிருந்து சமவெளியை நோக்கி இறங்குகிறது. மக்கள் ‘பதினெட்டு வளைவு’ என்று வழங்கும் இடம் இதுவே.

கண்டி நகர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மகியங்கனை ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. மலைச்சரிவில் நேரே தெரு வெட்டினால் எந்த வண்டியும் ஏறமாட்டாது. இறங்கும் வண்டியும் நில்லாது. ஆகவே தெருவை நீட்டி மடித்துச் சரிவைக் குறைக்கின்றனர். ஒவ்வொரு மடிப்பும் ஒரு கொண்டை ஊசி வளைவாகிறது.

அவ்வளைவிலே இருசக்கர வண்டி ஏன் சாய்கிறது? திரும்பும் வண்டியை நேரே செல்லத் தூண்டும் உந்தத்தைச் சமன்செய்ய, ஓட்டுநர் வளைவின் உட்புறமாகச் சாய்ந்தாக வேண்டும். 15 மீற்றர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் கடப்பதற்குச் சுமார் 25 பாகைச் சாய்வு போதும். வேகம் 45 ஆனால் சாய்வு 46 பாகையைத் தாண்டுகிறது. வேகம் ஒன்றரை மடங்காகும்போது, தெருவைப் பற்றிக்கொள்ளச் சக்கரத்துக்கு வேண்டிய பிடிப்பு இரண்டேகால் மடங்காகிறது. சாதாரணத் தெருவிற் சாதாரணச் சக்கரம் அத்துணைப் பிடிப்பைத் தரமாட்டாது. மழை நனைத்த இடத்திலும், மணல் சிதறிய இடத்திலும், லொறியிலிருந்து டீசல் ஒழுகிய இடத்திலும் பிடிப்பு இன்னும் குறையும்.

தனியே செல்பவன் இக்கணக்கைத் தன் அச்சத்தால் அறிந்துகொள்வான். கூட்டத்திற் செல்பவனுக்கோ அச்சம் மறந்துபோகிறது. முன்னே செல்பவன் போன வேகத்திலே தானும் போகலாம் என்று அவன் எண்ணுகிறான். கண்கள் தெருவை விட்டு, முன்வண்டியின் சிவப்பு விளக்கிற் பதிந்துவிடுகின்றன. கூட்டுப் பயணத்தின் பெரும் ஆபத்து இங்கேதான் பிறக்கிறது.

பன்னிரண்டு வண்டிகள், ஒன்றுக்கொன்று 20 மீற்றர் இடைவெளியிற் செல்வதாகக் கொள்வோம். வரிசையின் நீளம் 220 மீற்றர். முதல் வண்டி ஒரு வளைவைக் கடந்து நேர்த்தெருவில் வேகமெடுக்கும்போது, கடைசி வண்டி முந்திய வளைவிலேயே நின்று திரும்பிக்கொண்டிருக்கும். தலைவன் சிறிதே விரைந்தாலும் இடைவெளி நீள்கிறது. அதனை நிரப்ப ஒவ்வொருவரும் தமக்கு முன்னவரைவிடச் சற்று அதிகமாக விரைகின்றனர். ஆகவே, தலைவன் நிதானமாக ஓட்டிய தெருவிலே, கடைசியில் வருபவன் பாய்ந்தோட நேரிடுகிறது. பெரும்பாலும் அக்கடைசி மனிதன் அனுபவம் குறைந்தவனாகவும் இருப்பான். 30இற் கடக்க வேண்டிய வளைவை அவன் 45இற் கடக்க முயல்வது துணிவினால் அன்று; தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற கவலையினாலேதான்.

இதற்கு மருந்து எளியது. அனுபவம் குறைந்தவரைத் தலைவனுக்கு அடுத்ததாக நிறுத்துதல் வேண்டும். குழுவின் வேகம் அவருடைய வேகமாகவே அமையும். தேர்ந்த ஒருவர் யாவர்க்கும் கடைசியாக வந்து, நின்றுபோன வண்டியுடன் தாமும் நிற்றல் வேண்டும். தெரு பிரியும் ஒவ்வொரு சந்தியிலும், பின்னால் வருபவரைக் காணும்வரை ஒருவர் காத்திருத்தல் வேண்டும். வளைவு முடிந்ததும் தலைவன் உடனே விரையாது, வரிசை முழுவதும் நேர்த்தெருவுக்கு வருமளவும் பொறுத்தல் வேண்டும். காத்திருப்பார்கள் என்ற உறுதி பெற்றவன் துரத்த மாட்டான். தலைக்கவசம் விழுந்தபின் காப்பது; இவ்வுறுதியோ விழாமலே காப்பது.

இறங்கும்போது இன்னுமொரு நிதானம் தேவை. பிறேக்கை ஓயாமல் அழுத்தி வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறுவதற்குரிய தாழ்ந்த கியரிலேயே இறங்கினால், எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். நீண்ட பஸ் வண்டி கொண்டை ஊசி வளைவிலே தெருவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். அதற்கு வளைவுக்கு முன்னரே நின்று வழிவிடுதல் அறிவுடைமை. மழைக்காலத்திற் புறப்படுமுன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிதலும் தலைவனின் கடமையாகும்.

வேகத்தைச் சோதிக்க விரும்புவோருக்கு வேறு களம் உண்டு. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. அங்கே போட்டியின்போது தெரு மூடப்பட்டிருக்கும்; எதிரே எவரும் வாரார். மகியங்கனைத் தெரு அத்தகையதன்று. அதன் வளைவுக்கு அப்பால் விறகு சுமந்து வரும் மூதாட்டி இருக்கலாம். பாடசாலை விட்டு வரும் சிறுவர் இருக்கலாம். அவர்களுக்கு அது உல்லாசப் பாதையன்று, வீட்டுப் பாதை. இலங்கைத் தெருக்களில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோகின்றன. அவற்றுள் மோட்டார் சைக்கிளிற் சென்றோர் பெருந்தொகையினர் என்பதை நேயர்கள் அறிவர்.

முற்காலத்திலே வளைவுகள் படையைப் பிரித்து, ஒவ்வொருவனையும் தனியனாக்கி வீழ்த்தின. இன்று அவ்வளைவுகளிற் செல்லும் குழுவும் அவ்வாறே பிரிகிறது. ஒருவரையொருவர் காணாத அவ்விடத்திலும், முன்னவன் பின்னவனை எண்ணி வேகத்தை அடக்குவானாயின், அது குழுவாகவே மகியங்கனை சேரும். மாலையிற் குறைவின்றிக் கண்டிக்கும் மீளும்.