கோரைக்குக் கணு உண்டோ?



இவ்விழா மேடையில் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். மன்றம் தொடங்கிய ஆண்டில், 'கணுவுக்குக் கணு நிமிரும் கோரை' என்றொரு வரியை இதே அவையில் படித்தேன். கைதட்டல் கிடைத்தது. மறுத்தவர் எவருமிலர். மறுப்பு பின்னர் வந்தது. மறுத்தவர் கவிஞர் அல்லர்.

மாட்டுத்தாவணி என்ற பெயருக்குள்ளேயே ஒரு மாட்டுச்சந்தை இருக்கிறது. 1999-இல் பேருந்து நிலையம் வந்தபின் அதை நினைப்பார் குறைவு. அருகே வண்டியூர்க் கண்மாய். ஒரு பங்குனிக் கடைசியில், நீர் வடிந்த கரைச்சேற்றில் பழுப்புநிறக் கதிர்விட்டுப் பூத்திருந்ததைக் காட்டி, "இந்தப் புல்லை மாடு தின்னுமா அம்மா?" என்று அங்கே புல்லறுத்த மூதாட்டியைக் கேட்டேன்.

"அது புல்லில்லைங்கய்யா, கோரை. ரெண்டு விரல்ல வச்சு உருட்டிப் பாருங்க" என்றார்.

உருட்டினேன். உருளவில்லை, மூன்று விளிம்புகள் விரலில் தடுக்கின. அவர் கட்டிலிருந்து உருவித் தந்த புல்லின் தண்டோ வழுக்கிக்கொண்டு உருண்டது. "கணு எங்கே?" என்றேன். "கோரைக்கு ஏதுங்கய்யா கணு!" என்று சிரித்தார்.

வீடு திரும்பித் தாவரநூல்களைப் புரட்டினேன். அவர் சொன்னதே அங்கும் இருந்தது. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, உள்ளே புழையுடன், கணுக்களுடன் நிற்கும். இலைகள் இரு பக்கமாகவே விரியும். கோரைத்தாள் அடியிலிருந்து பூங்கதிர்வரை கணுவின்றி ஓடும். உள்ளே சோறு நிறைந்திருக்கும். இலைகள் மூன்று திசையில் பிரியும். இலையடி உறையைப் பிரித்துப் பாருங்கள்: புல்லில் திறந்துகொள்ளும், கோரையில் மூடிய குழலாகையால் கிழிந்தே வரும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாக் கோரைக்கும் விளிம்பு கூராக இராது. சில தாள்கள் ஏறத்தாழத் திரண்டே இருக்கும். அங்கே விரலை நம்பாமல் கணுவைத் தேட வேண்டும்.

'தொல்காப்பியர் இதையும் புல் என்றுதானே கொள்வார்?' எனப் புலவர் ஒருவர் கேட்கக்கூடும். கொள்வார். மரபியலில் புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம்; அவ்வகையில் பனையும் தெங்குமே புல்லாகிவிடுகின்றன. பத்தமடைப் பாய் முடைவோர் அறிந்ததும் இதுதான்: தாளைக் கீறி, உட்சோற்றை நீக்கி, புறத்தோலையே இழையாக்குகிறார்கள். ஆயினும் தொல்காப்பியர் கோரைக்குக் கணு வைக்கவில்லை. வைத்தவன் நான்.

நம் சமவெளிக்கு வடமேற்கே, பழனிமலைச் சோலைகளின் நிழலில் வாழும் கோரைக் குடும்பத்தினர் வேறு. 'காரெக்ஸ்' என்பது அவற்றின் பேரினம். ஒவ்வொரு விதையும் குடுவை போன்றதொரு சிற்றுறைக்குள் அடைபட்டிருக்கும், அதுவே அடையாளம். அருட்தந்தை கே. எம். மாத்யூ 1999-இல் வெளியிட்ட பழனிமலைத் தாவரநூல், அம்மலைக்குச் செல்வோர் கையில் இருக்க வேண்டியது. நம் கவிதைகளில் அவையெல்லாம் இன்னும் வெறும் 'பசும்புல்'தான்.

என் வரியைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டேன். அதனிடத்தில் வேறு வரி இன்னும் அமையவில்லை. இன்று காலை கண்மாய்க் கரையிலிருந்து கோரைத்தாள் ஒரு பிடியும் புல் ஒரு பிடியும் கொண்டுவந்துள்ளேன். வரிசைக்கு இரண்டாகக் கைமாற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பாருங்கள்.