சிவப்பு அட்டையும் மோட்டார் சைக்கிள் சம்மனும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை பிடித்துக்கொண்டு பால்வெட்டு நின்றதால் கூட்டம் பெருகியிருக்கிறது. சம்பளப் பேச்சை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அது அடுத்த கூட்டத்திற்கு. இன்று இரண்டு காகிதங்களைப் பற்றிப் பேச வந்தோம்.

மூன்றாவது லயத்துப் பாட்டியை நீங்கள் அறிவீர்கள். 1955-இல் இத்தோட்டத்திலேயே பிறந்தவர். நாற்பது ஆண்டு மரம் வெட்டியவர். ஆயினும் கையில் இருப்பது சிவப்பு அட்டை. தேர்தல் நாளில் நாம் எல்லாரும் ஓட்டுப் போடப் போகிறோம். அவர் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்!

1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பிரஜையல்லாதார்க்கு வேலைப் பர்மிட் வேண்டுமென்றானபோது, ஆயிரக்கணக்கான நம்மவர் மூட்டை கட்டினார்கள். பாட்டியின் அண்ணனும் நாகப்பட்டினத்திற்குக் கப்பல் ஏறினார். ‘இனி எந்த ஆபீஸுக்கும் போக வேண்டாம்’ என்று பயந்த தகப்பனார் மகளுக்கு மனுவே போடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 16-ஆவது ஷரத்து, மெர்டேக்காவுக்கு முன், அதாவது 1957 ஆகஸ்டு 31-க்கு முன், இந்நாட்டில் பிறந்தவர் மனுச் செய்தால் பிரஜையாகப் பதிவு பெற உரிமையுடையவர் என்கிறது. கடந்த ஏழாண்டில் ஐந்தாண்டு இங்கு வசித்திருக்க வேண்டும். நிரந்தரமாக இங்கேயே வாழும் எண்ணம், நன்னடத்தை, சாதாரண மலாய் ஞானம் வேண்டும். 2018-இல் 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டைக்கார இந்தியர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பிரஜாவுரிமை வழங்க மந்திரிசபை இணங்கியது. அப்போது பாட்டியின் மனு எங்கே? மனுவே இல்லை.

இங்கே நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே பிறந்ததையும் வசித்ததையும் காட்டுவது பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை ஏடு, தோட்ட ஆஸ்பத்திரிப் புத்தகம், செக்ரோல். சில ஆண்டுகளுக்கு முன் ஆபீஸைச் சுத்தம் செய்யச் சொன்னபோது, கரையான் அரித்த பழைய செக்ரோல்களைக் கிராணிமாராகிய நாங்களே தீயில் போட்டோம். எத்தனை பேருடைய அத்தாட்சி அதில் போயிற்றோ, தெரியாது. மிஞ்சியவற்றை இப்போது சங்க அலமாரியில் வைத்திருக்கிறோம்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் தாமதம் ஆகாது. பிறந்த பிள்ளையைப் பதிவு செய்யாமல் இழுக்காதீர்கள். பெற்றோரின் நிரந்தரவாச நிலையைக் கொண்டு பிள்ளைக்குத் தானாகக் கிடைத்துவந்த பிரஜாவுரிமையை மாற்றும் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றியது. ‘எங்கள் காலத்தில் தானாகக் கிடைத்தது’ என்று சாய்ந்திருப்பது ஆபத்து.

இனி மோட்டார் சைக்கிள். பதினாலு வயதுப் பையன் தங்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான். தகப்பன் பெருமையாகப் பார்க்கிறார். பதினாறு வயதுக்கு முன் லைசென்ஸே கிடையாது. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு ஓட்டியவனை மட்டும் பிடிப்பதில்லை; ஓட்ட விட்டவரையும் பிடிக்கும். அபராதம் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘இது தோட்டத்து ரோடு’ என்னும் சாக்கும் நிற்காது. பொதுமக்கள் வந்துபோகும் பாதை எதுவும் சட்டத்தில் சாலையே. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் தண்டனையோடு ஓராண்டு லைசென்ஸும் போகலாம்.

சம்மன் வந்தால் சாமி படத்திற்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள்! கோர்ட்டுத் தேதிக்குப் போகாவிட்டால் வாரண்டு வரும். நன்னடத்தை கேட்கும் மனுவைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் சிவப்பு அட்டைக்காரருக்கு அந்த வாரண்டு எப்படி இருக்குமென்று எண்ணிப் பாருங்கள்.

வரும் ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் இருப்போம். சிவப்பு அட்டை, பழைய பள்ளிக் காகிதம், கட்டாத சம்மன், எதுவானாலும் எடுத்து வாருங்கள். பாட்டியை நாங்களே அழைத்து வருகிறோம். அவர் பிறந்தபோது பக்கத்து வீட்டிலிருந்த பெரியவர் சத்தியப் பிரமாணம் செய்ய இசைந்திருக்கிறார். அவருக்கு எண்பத்தாறு வயது.