மனசும் நம்ம பிரச்சினைதான்

தோழர்களே, கொரோனா காலத்து மனநலம் பற்றிப் பேசச் சொன்னபோது முதலில் மறுத்துவிட்டேன். மனச்சோர்வெல்லாம் வசதியானவன் வியாதி என்று இதே நாகர்கோவிலில் மேடையேறிப் பேசியவன் நான். அதனால் என்னிடமிருந்தே தொடங்குகிறேன்.

என் சித்தி தெருக்கூட்டும் தொழிலாளி, ஒப்பந்தக் கூலி. 2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நாடே கைதட்டியது. சித்தி கூட்டுற தெருவிலும் தட்டினார்கள். 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. தட்டின அதே கைகள் கேட்டைப் பூட்டிக்கொண்டன. "அங்கனயே நில்லு, தண்ணிய மதிலு மேல வைக்கேன்" என்றார்கள். இதற்கு 'சமூக விலகல்' என்று பெயர் வேறு. வைரசுக்குத் தேவை உடல் இடைவெளிதான். உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்சில் சொல்லை மாற்றிக்கொண்டது. ஆனால் சமூக விலகலில் நம்மூருக்குப் பழைய பயிற்சி உண்டே! 1936இல் திருவிதாங்கூர் கோவில் கதவு திறந்த பிறகும் டீக்கடைச் சிரட்டை போகவில்லை என்று பாட்டி சொல்லுவாள். நோய்க்காக விலகுவதும் சாதிக்காக விலக்குவதும் ஒன்றல்ல. மதிலுக்கு வெளியே நிற்கிறவளுக்கு, இப்போது நடப்பது இதில் எது என்று எப்படித் தெரியும்? அந்தச் சந்தேகம்தான் ஆளைத் தின்கிறது.

சித்தி பயந்தது பிள்ளைகளுக்காக. வேலை முடிந்து வந்ததும் புறவாசலில் குளிப்பாள். ஒரு எவர்சில்வர் தம்ளரைத் தனக்கென்று ஒதுக்கித் திண்ணையில் வைத்தாள். "நெஞ்சு படபடன்னு அடிக்கி மக்கா, ராத்திரி கண்ணு மூட முடியல" என்றாள். நான் என்ன சொன்னேன்? "சங்கத்துக்கு வா சித்தி, எல்லாம் செரியாவும்." முழக்கத்தை மருந்தாகக் கொடுத்தேன். 2021இல் இரண்டாம் அலையில் கூட வேலை செய்தவள் ஒருத்தி செத்துப்போனாள். முகம் பார்க்க முடியவில்லை. ஒப்பாரி இல்லாத சாவு. அதன்பின் சித்தி பேச்சையே குறைத்துவிட்டாள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2020இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,53,052 பேர். அவர்களில் 37,666 பேர் தினக்கூலிகள், நாலில் ஒருவர். இதையா வசதியானவன் வியாதி என்றேன்?

ஒருநாள் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். "பைத்தியம்னு நெனச்சிட்டியா" என்று வழியெல்லாம் சண்டை. டாக்டரம்மா தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டார். சித்தி அந்த மதில் கதையைச் சொன்னாள். எனக்கே அன்றுதான் முழுசாகத் தெரியும். மாத்திரையில் தூக்கம் வந்தது. கூலி உயரவில்லை, வேலை நிரந்தரமாகவில்லை. அதற்கு மாத்திரை கிடையாது, நாம்தான் போராட வேண்டும். ஆனால் தூங்காதவளை ஊர்வலத்துக்கு வா என்பது என்ன நியாயம்? இப்போது எங்கள் சங்கக் கூட்டத்தில் கோரிக்கை மனுவுக்கு முந்தி, "ராத்திரி உறங்குனியாக்கா?" என்று கேட்கிறோம். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி அழுதாள். அன்று மனு எழுதவே இல்லை.

போன வாரம் சித்தி வீட்டுக்குப் போனேன். தம்ளர் இன்னமும் திண்ணையில்தான் இருக்கிறது. "உள்ள எடுத்து வையேன் சித்தி" என்றேன்.

"இருக்கட்டும் மக்கா, பழகிப் போச்சு" என்றாள்.